களை மருந்துக்கு வரப்பு தெரியாது



புரட்டாசி மழையில் மக்காச்சோளம் விதைத்து முளைப்பு எடுத்தாயிற்று. பதினைந்தாம் நாள் காட்டுக்குப் போய்ப் பார்த்தால் பயிரைவிடக் களை அடர்த்தியாக நிற்கிறது. சாரணை தரையோடு படர்ந்திருக்கிறது. பார்த்தீனியம், தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைமேனி எல்லாம் தலை தூக்கிவிட்டன. களை வெட்ட ஆள் கேட்டால், "அடுத்த வாரம் வர்றோம்" என்கிறார்கள். இந்த நிலையில் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். கடைக்குப் போய், "மக்காச்சோளத்துக்குக் களை மருந்து கொடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்து அடித்துவிடுகிறோம்.

மருந்து அடிப்பது தவறில்லை. பயிரின் முதல் ஆறு வாரங்களில் களை நின்றால், கதிர் வரும்போது விளைச்சல் குறைவது கண்கூடு. ஆனால் இந்த மருந்தைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் அடித்தால், நம் களை சாவதோடு நிற்காது. பக்கத்துக் காட்டுப் பருத்தி, அடுத்த பட்டத்து வெங்காயம், கிணற்றுத் தண்ணீர், மருந்து அடிக்கும் ஆளின் உடம்பு, வீட்டுப் பிள்ளைகள் என்று பலவற்றையும் அது தொடும். பெரம்பலூர், அரியலூர் பக்கங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் ஒரே வரப்பின் இரு புறமும் நிற்கும் பயிர்கள். அதனால் இதை நாம் எல்லோரும் அறிந்திருப்பது அவசியம்.

மக்காச்சோளம் பிழைப்பது எப்படி?

களைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். அருகு போன்ற புல் வகை ஒன்று, கோரை வகை ஒன்று, மேலே சொன்ன சாரணை, பார்த்தீனியம் போன்ற அகன்ற இலைக் களைகள் ஒன்று. மக்காச்சோளம் புல் குடும்பத்தைச் சேர்ந்த பயிர். அகன்ற இலைச் செடிகளை மட்டும் தாக்கும் மருந்தை அடித்தால் களை சாகும், சோளம் நிற்கும். இந்த வேறுபாட்டை வைத்துத்தான் சில களை மருந்துகள் வேலை செய்கின்றன.

நம் பகுதியில் அதிகம் புழங்குபவை இரண்டு. முதலாவது அட்ரசின். இது களைச்செடி உணவு தயாரிப்பதையே நிறுத்திவிடும். மக்காச்சோளத்துக்கு அட்ரசினைத் தன் உடலுக்குள்ளேயே சிதைத்து நஞ்சற்றதாக மாற்றும் சக்தி இருப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது. இரண்டாவது 2,4-டி. செடியின் வளர்ச்சியை நடத்தும் இயற்கைச் சுரப்பைப் போலவே இது நடந்துகொள்ளும். அகன்ற இலைச் செடிக்குள் போனதும் வளர்ச்சி தாறுமாறாகி, தண்டு முறுக்கிக்கொண்டு, இலை சுருண்டு செடி செத்துவிடும்.

இங்கே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பருத்தியும் அகன்ற இலைச் செடிதான். உளுந்து, தட்டைப்பயறு, தக்காளி, மிளகாய், கத்தரி, முருங்கை எல்லாமும் அப்படியே. மருந்துக்குச் சாரணையும் பருத்தியும் ஒன்றுதான். நாம் வரப்பு போட்டுப் பிரித்திருப்பது அதற்குத் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கிளைபோசேட், பாராகுவாட் ஆகியவை எந்தப் பச்சையையும் விடாத மருந்துகள். இவை பட்டால் மக்காச்சோளமும் கருகிவிடும். பாராகுவாட் வாய்வழியே உள்ளே போனால் முறிவு மருந்து கிடையாது. "களை மருந்து" என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். டப்பாவில் மக்காச்சோளம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். பின்னால் ஏதாவது கோளாறு வந்தால் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த ரசீதுதான்.

எந்த மருந்து, எப்போது?

அட்ரசின் 50 சதவீதத் தூள், களை முளைக்கும் முன் அடிக்க வேண்டியது. விதைத்த 3 முதல் 5 நாட்களுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது அடிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் அடித்தால் காசுதான் வீண். அளவு ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம் வரை. மணல் கலந்த இலேசான மண்ணுக்குக் குறைந்த அளவும், கரிசலுக்குச் சற்றுக் கூடுதலும் போதும். அடித்தபின் மண்ணின் மேல் மெல்லிய போர்வையாக மருந்து படிந்திருக்கும். அதை மிதித்துக் கலைக்காமல் பின்னோக்கி நடந்தபடி அடிப்பது நல்லது. அதன் பிறகு சில வாரம் மண்ணைக் கிளறக் கூடாது.

முளைத்துவிட்ட அகன்ற இலைக் களைக்கு 2,4-டி. அமைன் உப்பு 58 சதவீதத் திரவமாக இருந்தால் ஏக்கருக்குச் சுமார் 350 மில்லி. விதைத்த 20 முதல் 25 நாட்களுக்குள், களை சிறிதாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும். பயிர் உயரமான பிறகு அடித்தால் மக்காச்சோளமே பாதிக்கப்படும். இலை வெங்காயத் தாள் போல உருண்டுகொள்ளும், தண்டு முறியும் தன்மை பெறும், தாங்குவேர்கள் கோணலாகி அடுத்த காற்றுக்குப் பயிர் சாயும். நாள் தவறிவிட்டால் மருந்தை மறந்துவிட்டுக் களைக்கொத்தை எடுப்பதே சரி.

பருத்தி அருகில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. டெம்போட்ரையோன் 42 சதவீத மருந்து, ஏக்கருக்குச் சுமார் 115 மில்லி, அதனுடன் தரப்படும் ஒட்டும் திரவத்தையும் சேர்த்து, களை 2 முதல் 4 இலைப் பருவத்தில் இருக்கும்போது அடிக்கலாம். களை வெளுத்துப் போய்ச் சாகும். இது 2,4-டி போல ஆவியாகிப் பரவாது. ஆனால் சாரல் நேரே பட்டால் பருத்திக்கு இதுவும் ஆகாது.

சோளத்தின் நடுவே உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராகப் போட்டிருந்தால் அட்ரசினும் கூடாது, 2,4-டியும் கூடாது. விதைப்பதற்கு முன்பே வேளாண்மை அலுவலரைக் கேட்டுப் பெண்டிமெத்தலின் போன்ற மாற்று மருந்தை முடிவு செய்துகொள்ளுங்கள்.

எந்த மருந்தை அடித்தாலும் 40 முதல் 45 நாளில் ஒரு கைக்களை தேவைப்படும். மருந்து நம் வேலையைக் குறைக்கும், முழுவதும் இல்லாமல் ஆக்கிவிடாது.

மூடிக் கணக்கு வேண்டாம்

வீட்டு ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்களே ஆள் வைத்து விவசாயம் பார்க்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். "டேங்குக்கு எவ்வளவு மருந்துண்ணே ஊத்துறீங்க?" என்று கேட்டால், "ஒண்ணரை மூடிதாங்கம்மா, எப்பவும் ஊத்துறதுதான்" என்று பதில் வரும். ஒவ்வொரு டப்பாவின் மூடியும் ஒவ்வோர் அளவு. ஒவ்வொருவர் நடையும் ஒவ்வொரு வேகம். மூடிக் கணக்கில் மருந்து கூடினால் பயிரும் அடுத்த பட்டமும் கெடும். குறைந்தால் களை பிழைத்துக்கொள்ளும்.

சரியான கணக்கை ஒரு முறை போட்டு வைத்துக்கொண்டால் போதும். ஒரு சென்ட் இடத்தை அளந்து கயிறு கட்டுங்கள். 20 அடிக்கு 22 அடி வைத்தால் ஏறக்குறைய ஒரு சென்ட். டேங்கில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, மருந்து அடிக்கும் அதே ஆள், அதே நடையில் அந்த இடத்தை நனைக்கட்டும். எவ்வளவு தண்ணீர் செலவானது என்று பாருங்கள். 2 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர். 16 லிட்டர் டேங்குக்குப் பன்னிரண்டரை டேங்க்.

ஏக்கருக்கு 500 கிராம் அட்ரசின் என்று முடிவு செய்திருந்தால் டேங்குக்கு 40 கிராம் வரும். தராசு இல்லையென்றால் எளிய வழி ஒன்று உண்டு. அந்த 500 கிராமையும் முதலில் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, மொத்தம் பன்னிரண்டரை லிட்டர் வரும்படி ஒரு வாளியில் கரைத்து வைத்துக்கொண்டு, டேங்குக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றலாம். தூள் அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குச்சியால் நன்றாகக் கலக்கியே எடுக்க வேண்டும். 2,4-டி 350 மில்லி என்றால் டேங்குக்கு 28 மில்லி.

வேகமாக நடப்பவருக்கு ஒரு சென்டுக்கு ஒன்றரை லிட்டரே செலவாகும். அவருக்கு ஏக்கருக்கு 150 லிட்டர், ஒன்பதரை டேங்குக்கும் சற்றுக் குறைவு. அதே 28 மில்லியை அவர் ஊற்றினால் ஏக்கருக்கு 263 மில்லிதான் போய்ச் சேரும். அவர் ஊற்ற வேண்டியது டேங்குக்குச் சுமார் 37 மில்லி. ஆள் மாறினால் கணக்கும் மாறும்.

அளக்கும் குவளை, கலக்கும் வாளி, குச்சி மூன்றும் இதற்கென்றே தனியாக இருக்கட்டும். சமையலறைக் கரண்டியோ டம்ளரோ ஒருபோதும் வேண்டாம். படைப்புழு மருந்தையும் களை மருந்தையும் நம் விருப்பத்துக்கு ஒரே டேங்கில் கலக்கவும் வேண்டாம்.

பக்கத்துக் காட்டைப் பாருங்கள்

பருத்திக்கு 2,4-டி மிகச் சிறிய அளவே போதும் கெடுதல் செய்ய. இலை விரல் விரலாகக் குறுகி, வெண்டை இலை போல ஆகிவிடும். காய் பிடிப்பு குறையும். பல நேரம் இது வைரஸ் நோய் என்று நினைத்து, பக்கத்துக் காட்டுக்காரர் மேலும் மேலும் மருந்துக்குச் செலவு செய்வார். உண்மையான காரணம் அவருக்கும் தெரியாது, அடித்த நமக்கும் தெரியாது. ஒரு வருட உழைப்பு இப்படிப் போவதும், அதன் பிறகு இரண்டு குடும்பங்கள் முகம் பார்க்காமல் இருப்பதும் நடக்கக் கூடாதவை.

அடிப்பதற்கு முன் நான்கு பக்கமும் என்ன பயிர் நிற்கிறது என்று பாருங்கள். பருத்தியோ காய்கறியோ ஒட்டி நின்றால் 2,4-டி வேண்டாம் என்று முடிவெடுப்பதே நல்லது. எஸ்டர் வகை 2,4-டி அடித்த பிறகும் ஆவியாகி நகரும். பருத்தி உள்ள பகுதியில் அதைத் தொடவே வேண்டாம். சற்றுத் தள்ளி இருந்தாலும் அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "பாய், நாளைக்குக் காலைல களை மருந்து அடிக்கப் போறேன், காத்து உங்க பக்கம் இருந்தா அடிக்க மாட்டேன்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

காற்றைப் பாருங்கள். சருகு பறக்கும் காற்றில் அடிக்கக் கூடாது. காற்றே அசையாமல் புழுங்கும் நேரமும் நல்லதல்ல. அப்போது நுண்ணிய துளிகள் மிதந்தே நிற்கும், எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது. இலை மெல்ல அசையும் அளவு காற்று, பக்கத்துப் பயிரிலிருந்து விலகி வீசும் வேளையே ஏற்றது. உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். மழை வரும் அறிகுறி இருந்தால் 2,4-டியைத் தள்ளிப் போடுங்கள்.

நாசிலைப் பாருங்கள். பூச்சி மருந்துக்குப் போடும் நாசில் புகை போலப் பொடித் துளியாக அடிக்கும். களை மருந்துக்கு விசிறி போல அகலமாக விழும் நாசில் வேண்டும். அழுத்தத்தைக் குறைத்து, நாசிலைத் தாழ்வாகப் பிடித்து அடித்தால் சாரல் பறப்பது பெருமளவு குறையும்.

டேங்க் வைத்திருக்கும் கடன்

மக்காச்சோளத்துக்கு 2,4-டி அடித்த டேங்கை ஒரு முறை அலசிவிட்டு, அடுத்த வாரம் அதிலேயே பருத்திக்குப் பூச்சி மருந்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். டேங்கின் சுவரிலும் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே பருத்தியைக் கெடுக்கப் போதுமானது. களை மருந்துக்கென்று ஒரு டேங்க் தனியாக இருப்பதே பாதுகாப்பு. ஒரு குடும்பத்தால் முடியாவிட்டால் நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, மேலே பெரிதாக "களை மருந்துக்கு மட்டும்" என்று பெயின்டில் எழுதிவைக்கலாம்.

வேறு வழியே இல்லை என்றால், மூன்று முறை தண்ணீரில் அலசி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, குழாய் வழியாகவும் கொஞ்சம் விட்டு, இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் மீண்டும் அலசுங்கள். அப்போதும் பருத்திக்கும் காய்கறிக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அலசிய தண்ணீரை மருந்து அடித்த அதே மக்காச்சோளக் காட்டிலேயே பரவலாக விடுங்கள். கிணற்றடி, மோட்டார் கொட்டகை, வாய்க்கால், குளம், ஆடு மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டி ஆகிய இடங்களில் மருந்து கலக்கவும் கூடாது, டேங்க் கழுவவும் கூடாது. அட்ரசின் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் சேரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் இருபது வருடங்களுக்கு முன்பே அதற்கு அனுமதியை விலக்கிக்கொண்டதற்கு நிலத்தடி நீர் மாசுதான் காரணம். நம் கிணறுதான் நாம் குடிப்பதும்.

அட்ரசின் மண்ணிலும் சில மாதம் தங்கும். அளவு கூடினால் சோளத்தை அடுத்துப் போடும் பயறு, வெங்காயம், காய்கறி முளைத்து மஞ்சளித்துப் போகும். அளவை மீறாமல் இருப்பது அடுத்த பட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

உடம்புக்கும் வீட்டுக்கும்

முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, காலுக்குப் பூட்ஸ் ஆகியவை வேண்டும். மருந்தைக் கலக்கும் நேரமே மிக ஆபத்தானது. நீர்க்காத மருந்து கையிலும் கண்ணிலும் தெறிப்பது அப்போதுதான். 2,4-டி கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு உண்டாகும். ஆள் வைத்து அடிப்பவர்கள் கூலியோடு கையுறை, சோப்பு, குடிக்கவும் கழுவவும் நல்ல தண்ணீர் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். நமக்காக உழைப்பவரின் உடம்பு நம் பொறுப்பு.

காட்டிலேயே ஒளு செய்து தொழும் வழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள். மருந்து பட்ட கையோடு வாய் கொப்பளித்தால், மூக்குக்குத் தண்ணீர் செலுத்தினால் மருந்து நேரே உள்ளே போகும். முதலில் கையையும் முகத்தையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, உடையை மாற்றிக்கொண்ட பிறகே ஒளு செய்யுங்கள். வெற்றிலை, பீடி, டீ எல்லாவற்றுக்கும் இதே விதிதான். நோன்பு நாளில் வெயிலில் கவசம் போட்டு மருந்து அடித்தால் தண்ணீர் இல்லாமல் மயக்கம் வரலாம். அதிகாலையிலேயே முடித்துவிடுங்கள், அல்லது வேறு ஆளிடம் விடுங்கள்.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பிள்ளைகள் இந்த வேலையின் பக்கமே வர வேண்டாம். பள்ளி விடுமுறை நாளில் அத்தாவுக்கு உதவியாகத் தண்ணீர் தூக்கப் போவதும் வேண்டாம். மருந்து அடித்த உடையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும்.

மக்காச்சோளக் காட்டில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் பறித்து வந்து கடைவது நம் வீட்டுப் பெண்களின் பழக்கம். அதே கீரைகள்தான் இந்த மருந்துக்குக் களை. மருந்து அடித்த காட்டில் அந்தப் பயிர் முடியும் வரை கீரை பறிக்க வேண்டாம். ஆட்டையும் அங்கே மேய விடாதீர்கள். களையைப் பிடுங்கி வந்து ஆட்டுக்குப் போடவும் வேண்டாம். நிலத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டால் தெரியாமல் வருபவர்களுக்கும் அது எச்சரிக்கை.

மிச்ச மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைப்பது உயிரைப் பறிக்கும் தவறு. தாகத்தில் வரும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டிய இடத்தில், உணவுப் பொருளிலிருந்து விலகி இருக்க வேண்டும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டு வீணாக்கி, வீட்டுக்கும் கிணற்றுக்கும் தள்ளிப் புதைத்துவிடுங்கள். எரிக்க வேண்டாம், அரிசி பருப்பு போட்டு வைக்கவும் வேண்டாம்.

டப்பாவில் உள்ள முக்கோண நிறத்தையும் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான்.

ஏதாவது நேர்ந்துவிட்டால்

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். தோலில் பட்டால் உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்க வையுங்கள். விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வேறு கை வைத்தியத்திலும் நேரத்தைப் போக்காதீர்கள். உடனே 108க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே "என்ன மருந்து?" என்பதுதான்.

பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு உழவர் அழைப்பு மையம் 1800 180 1551 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். நம் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கேட்கலாம்.

இந்தப் பட்டத்தில் களை மருந்து அடிக்கும் ஒவ்வொருவரும், டேங்கைத் தோளில் மாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று நான்கு பக்கமும் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, வரப்புக்கு அப்பால் என்ன நிற்கிறது, யார் நடமாடுகிறார்கள் என்று பார்த்த பிறகு அடியுங்கள். வரப்பு எங்கே இருக்கிறது என்று மருந்துக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.